இரண்டு மணி ஷிப்டைப் பூட்டியவள்

பயந்து போய்ச் செய்த முட்டாள்தனங்களை மறந்துவிடலாம். பயந்து போய்ச் செய்யாமல் விட்டதுதான் ஆயுசுக்கும் உறுத்தும். என் விஷயத்தில் நான் செய்யாமல் விட்டது ஒரே ஒரு பட்டனை அழுத்துவது.

நெய்வேலியில் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்ட் நிறுவனத்தில் எனக்கு வேலை. கேட்டில் ஆட்கள் கார்டு தேய்த்தால் வருகை ஒரு டேட்டாபேஸில் பதிவாகும். அதில் எதைத் திருத்தினாலும் பழைய வரி போகாது, செத்த வரியாக உள்ளேயே கிடக்கும். அதைப் பெருக்கித் தள்ள ஆட்டோவேக்கம் என்று ஒன்று தானாகவே வந்து போகும். அது வந்ததா, எதுவரை பெருக்கியது என்று கண்காணிப்பதுதான் என் உத்தியோகம். (வேலைக்காரி பெருக்குவதை வேடிக்கை பார்க்கும் வேலை என்பாள் அம்மா.)

அன்று வருகை அட்டவணையில் அது காலை ஒன்பதிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. பெரிய அட்டவணை, பொறுமையாகப் பெருக்குகிறது என்று விட்டிருக்கலாம். சேர்ந்து மூன்று மாதமே ஆன மேதாவியான நான், மாட்டிக்கொண்டுவிட்டது என்று முடிவு கட்டி நிறுத்தினேன். ஒரு நிமிடத்தில் திரும்ப வந்தது. மறுபடி நிறுத்தினேன். மறுபடி வந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

சீனியர் தனசேகர் சார் சாப்பிடக் கிளம்பும்போது, "எதையும் தொடாதம்மா" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். மணி ஒன்று. ஆபீஸ் மொத்தமும் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டது. யாரும் இல்லாத நேரம், முழுசாகச் சுத்தம் செய்துவிடலாம் என்று 'வேக்கம் ஃபுல்' கட்டளையைக் கொடுத்தேன். அது சாதாரணப் பெருக்கல் இல்லை. வீட்டைப் பூட்டி, சாமான்களை எல்லாம் வேறு வீட்டுக்கு மாற்றி அடுக்கும் வேலை. முடியும்வரை யாரும் உள்ளே வர முடியாது. படித்திருந்தேன். ஆனால் யார் வரப்போகிறார்கள்?

இரண்டு மணிக்கு இரண்டாவது ஷிப்ட் வரப்போகிறது.

அதை மறந்தது வேறு எவளாவது என்றால் மன்னிக்கலாம். எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவில் ஷிப்ட் சீட்டு ஒட்டியிருக்கிறது. எங்கள் நிறுவனத்தின் ஆளாகவே சுரங்கத்துக்குப் போகும் அப்பாவுக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட். காலையில் அவர் பாக்ஸில் எலுமிச்சை சாதம் அடைத்துக் கொடுத்ததே நான்தான்!

ஒன்றே முக்காலுக்கு கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஏழுமலை அண்ணன் போன் செய்தார். "இன்னாம்மா, மிசினு செத்துப்பூடுச்சா? ஆளுங்க ரோடு வரைக்கும் நின்னுகினு இருக்காங்க."

திரையைப் பார்த்தேன். காத்திருக்கும் வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆளின் டோக்கன் எண். முதல் வரியில் இருந்தது அப்பாவின் எண்.

இரண்டேகாலுக்குள் பதிவாகாவிட்டால் சிஸ்டம் ஆப்சென்ட் போட்டுவிடும். வருஷம் முழுக்க ஒரு நாள்கூட விடாதவர்களின் பெயர்தான் சீனியாரிட்டி லிஸ்டில் ஏறும். லிஸ்டில் ஏறினால்தான் பர்மனென்ட் என்ற பேச்சே. அதற்காக அப்பா காய்ச்சலோடும் போயிருக்கிறார். அந்த வருஷம் முடிய இன்னும் ஆறே நாள்.

நிறுத்திவிடலாமா? மவுஸின்மேல் கை வைத்தேன். பாதியில் நிறுத்தினால் மொத்தமும் அழிந்துவிட்டால்? பாதிச் சாமான் அந்த வீட்டில், பாதி இந்த வீட்டில். எல்லோருடைய வருகையும் போய், அத்தனை குடும்பமும் எங்கள் வாசலில் வந்து நிற்பது கண்ணில் தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன். சாருக்கு ஏழு முறை போன் போட்டேன். மனிதர் மதியத் தூக்கத்துக்கு போனைச் சைலண்டில் போடுகிறவர். கேட்டுப் பக்கம் கூச்சல் ஏறியது. நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துகொண்டேன். (சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் தெரியவே மாட்டேன் என்ற அறிவுகூட அப்போது இல்லை.)

இரண்டு பத்துக்குச் சார் கொட்டாவியோடு வந்தார். திரையைப் பார்த்தார். மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த என்னைப் பார்த்தார். குனிந்து கேன்சலைத் தட்டினார். காத்திருந்த வரிகள் எல்லாம் மளமளவென்று மறைந்தன.

"டேட்டா, சார்?"

"பழையது அப்படியேதான் இருக்கும். முடிஞ்சாதான் புதுசுக்கு மாறும். நிறுத்தினா ஒண்ணும் ஆகாது."

"அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதான். இதுக்கா அழற?"

இருபத்தைந்து நிமிடம். அந்த ஒரு பட்டனுக்கு முன்னால் நான் செத்துச் செத்துப் பிழைத்த இருபத்தைந்து நிமிடம்!

காத்திருந்த பதிவுகள் காலாவதியாகிவிட்டதால் எல்லோரும் மறுபடி கார்டு தேய்க்க வேண்டியிருந்தது; அதற்குள் இரண்டேகால் தாண்டிவிட்டது. நல்லவேளையாக ஏழுமலை அண்ணன் வந்தவர்களின் பெயரை நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். ஆப்சென்ட் விழுந்தவர்களை உட்கார்ந்து திருத்தினேன். அப்பா கார்டு மூன்று முறை தேய்த்துச் சலித்து வரிசையின் கடைசிக்குப் போய்விட்டிருந்தார். அவருக்கும் ஆப்சென்ட். அந்த ஒரு பெயரைச் சார் திருத்தவிடவில்லை. "சொந்த அப்பா பேர நீ தொடக்கூடாது. நான் போடறேன்" என்றார். திருத்தி முடித்ததும், அத்தனை புதிய செத்த வரிகளைப் பெருக்க ஆட்டோவேக்கம் தானாக வந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

மறுநாள் காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டே அப்பா அம்மாவிடம் நீட்டி முழக்கினார். "எவனோ ஒரு பேமானி சிஸ்டத்தப் பூட்டிட்டு பூட்டான். வுட்டேனா நானு? அவன், அவன பெத்தவ, ஒருத்தரயும் வுடல. கேட்டே கைதட்டுச்சு."

எனக்கு இட்லி இறங்கவில்லை. "அவன் இல்லப்பா. நான்தான்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. அம்மா சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பெத்தவள இன்னான்னு திட்டுன? சொல்லு, கேப்போம்."

அப்பா சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அம்மாவும் விடுவதாக இல்லை. லிஸ்டில் அவர் பெயர் ஏறிய அன்று ஸ்வீட் பாக்ஸை நீட்டினால், "இன்னும் நீ அதச் சொல்லல" என்றுதான் வாங்கினாள்.

ஆனால் அப்பா மாறிவிட்டார். கரண்ட் போனாலும், பஸ் வராவிட்டாலும், வாயைத் திறப்பதற்கு முன் என் பக்கம் திரும்பி, "பாப்பா, இது உன் வேல இல்லியே?" என்று கேட்டுக்கொண்டுதான் திட்ட ஆரம்பிக்கிறார்.