கடலுக்கடியில் ஒரு பொய்

திங்கட்கிழமை வரை மனைவியிடம் வாயைத் திறப்பதில்லை என்று குடவாசல் அப்துல் வஹாப் சபதம் செய்தார். செய்த கையோடு, "ஹலீமா, நான் ஒரு சபதம் எடுத்திருக்கேன்" என்று சொல்ல அடுப்படி வரை போயும்விட்டார். நல்ல வேளை, மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் உடம்பு வாகு அப்படி. ஹலீமா "என்னங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டிவிடும். சார்ஜாவில் இருபது வருஷம் அரபி முதலாளியிடம் இல்லாத மாமாவெல்லாம் மவுத்து என்று சாவுச் செய்தி சொல்லி லீவு வாங்கிய மனுஷர்தான். ஹலீமாவிடம் மட்டும் ஒரு பொய்கூட நின்றதில்லை. கோட்டையில் இரண்டு கட்சிகள் மாறி மாறி ஆண்டன. வஹாப் வீட்டில் என்றைக்கும் ஒரே ஆட்சிதான்.

இந்தத் தடவை மறைக்க வேண்டிய விஷயமோ பெரியது. ஆற்றோர வயலை மீரா உசேனுக்கு விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை பத்திரப்பதிவு. வயல் என்னவோ அவர் பேரில்தான் இருந்தது. ஆனால் தனக்குப் பதில் கையெழுத்துப் போட மனைவிக்குப் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் விமானம் ஏறிய நாளிலிருந்து, முறைத்தண்ணீருக்குச் சண்டை போட்டு, விதைநெல்லுக்கு அலைந்து, அதைக் காப்பாற்றியவள் ஹலீமா. "என்னை மையவாடிக்குத் தூக்கிட்டுப் போன பிறகு வித்துக்குங்க" என்று ஒருமுறை சொல்லியிருந்தாள். அத்தனை நாள் காத்திருக்க மீரா உசேன் தயாராக இல்லை.

மீரா உசேன் ஊரில் பாதி வயலை மனைக்கட்டாக்கிக் கல் நட்டவர். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான்.

"நிலத்துல குத்தகைக்காரன் யாரும் இல்லையே மாப்ள? புலி படுத்திருந்தாக்கூட வெரட்டிரலாம். குத்தகைக்காரன் எறங்கிட்டா நம்ம பேரன் காலம் வரைக்கும் கோர்ட்டுதான். விவசாயச் சங்கத்துக் கொடியும் ஊனிட்டான்னா நான் அந்தத் தெருப் பக்கமே வர மாட்டேன்."

"சொந்தச் சாகுபடிதான் மச்சான். ஐயாவு கூலிக்கு வந்து பாத்துக்குறாரு, அவ்வளவுதான்."

"அப்ப சரி. திங்கக்கிழமை வரைக்கும் ஒன் பொண்டாட்டி கண்ணுல படாம இரு."

"படாட்டி போன் பண்ணுவாளே."

"டவர் இல்லாத எடமாப் பாத்துப் போ!"

டெல்டாவில் டவர் இல்லாத இடம் ஏது? வஹாப் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் கைபேசியில் அந்த விளம்பரம் வந்தது. புதுச்சேரியில் விரைவுப் பயிற்சி. மூன்றே நாளில் கடலுக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்து, அதற்கு ஒரு சான்றிதழ் அட்டையும் தருவார்களாம். படத்தில் எல்லார் வாயிலும் குழாய். ஒருவர்கூடப் பேசவில்லை. வஹாபுக்குச் சொர்க்கத்தின் வாசல் திறந்தது.

"டாக்டர் மூச்சுப் பயிற்சி பண்ணச் சொன்னாரு ஹலீமா. ஒரு கோர்ஸ் போறேன்."

"எங்கே?"

"கடல்ல."

"கடல்லயா?"

"கடலுக்கு அடியில."

ஹலீமா கரண்டியைக் கீழே வைத்தாள். வஹாபின் காதில் அந்த "என்னங்க?" இப்போதே கேட்டது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"ரெண்டு பேருக்கும் பணம் கட்டிருங்க."

"நீ எதுக்கு?"

"எனக்கும் மூச்சு இருக்குல்ல?"

"பொம்பளைங்களுக்கு அந்த டிரஸ் சரிப்படாது புள்ள."

ஹலீமா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடியிருக்கு. தலைக்குத் தொப்பி. மூஞ்சிக்குக் கண்ணாடி. உங்க தங்கச்சி ரசியா பேகம் நிக்காஹ் வீட்டுக்கு உடுத்திட்டு வந்ததைவிட இது எவ்வளவோ மேல்."

வஹாப் மறுபேச்சில்லாமல் இரண்டு பேருக்கும் பணம் கட்டினார். சபதப்படி அது நல்லதுதான்.

கிளம்புவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, ஹலீமா "ஒரு வேலை இருக்கு" என்று பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம்தான் வந்தாள். ஐயாவு கொல்லைப்பக்கம் வந்து அவளிடம் ஏதோ பேசிவிட்டுச் சிரித்த முகமாகப் போனார். என்ன விஷயம் என்று வஹாப் கேட்கவில்லை. கேட்டால் அவள் திருப்பிக் கேட்பாளே என்ற பயம்தான்.

பயிற்சியில் முதல் பாடத்திலேயே வஹாபுக்கு இடி விழுந்தது.

"கடலுக்கடியில தனியா யாரும் போகக் கூடாது" என்றார் மாஸ்டர். "ஜோடி ஜோடியாத்தான் போகணும். உங்க ஜோடியோட மூச்சுக்கு நீங்கதான் பொறுப்பு. அவங்க மீட்டர்ல எவ்வளவு காத்து மிச்சம்னு நீங்க பாக்கணும். ஜோடி விரலை வளையம் மாதிரி வளைச்சு 'சரியா?'ன்னு கேட்டா, நீங்களும் வளைச்சுக் காட்டியே ஆகணும். பதில் சொல்லாம இருக்கக் கூடாது."

"எங்க வீட்லயும் அதான் சட்டம்" என்றாள் ஹலீமா.

குடமுருட்டி ஆற்றில் நீச்சல் படித்த வஹாபுக்குத் தண்ணீர் ஒரு பொருட்டில்லை. சைகைதான் தகராறு. நீச்சல்குளத்தின் அடியில் மாஸ்டர் நலம் கேட்டபோதெல்லாம், வஹாப் பழக்க தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மேலே போக வேண்டும் என்பதற்கு அங்கே அதுதான் சைகை. ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் அவரை அள்ளிக்கொண்டு மேலே வந்தார்.

ஹலீமாவுக்குச் சைகை புதிதா என்ன? ஆண்கள் முன்கட்டில் பேசும்போது திரைக்குப் பின்னால் நின்று விரலாலேயே குடும்பம் நடத்தியவள். இரண்டு விரல் என்றால் இரண்டு டீ. புறங்கையை ஆட்டினால் ஆளை அனுப்பு. கண்ணை மூடித் திறந்தால் உளறாதே. மாஸ்டர் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். ஹலீமா அவருக்கு நாலு சைகை கூடுதலாகச் சொல்லிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடல். பிஸ்மில்லா சொல்லி இறங்கினார்கள். ஆழத்துக்குப் போகப் போக வஹாபின் மனசு லேசானது. சுற்றிலும் மஞ்சள் மீன்கள். டவர் இல்லை, போன் இல்லை, "என்னங்க" இல்லை. இன்னும் ஒரே ஒரு ராத்திரி. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

ஹலீமா அவர் முன்னால் வந்து மண்டியிட்டாள். ஆள்காட்டி விரலால் தண்ணீரில் ஒரு சதுரம் போட்டாள். பிறகு குனிந்து, நாற்றை வரிசையாக நடுவது போலக் கையை வைத்தாள். வயல். அடுத்து, இரண்டு கையாலும் எதையோ தூக்கி யாரிடமோ கொடுத்தாள். கடைசியில் உள்ளங்கையை விரித்து அசைத்தாள்.

வயலைக் கொடுத்தாச்சா?

வஹாப் இல்லவே இல்லை என்று தலையாட்டினார்.

தலை நன்றாகத்தான் ஆடியது. மூச்சு காட்டிக்கொடுத்துவிட்டது. தரையில் ஒருத்தன் பதறினால் யாருக்குத் தெரியும்? தண்ணீருக்கடியில் மூச்சு கண்ணுக்குத் தெரிகிறதே! உலை கொதிப்பது போல அவர் முகத்தைச் சுற்றிக் குமிழி குமிழியாகப் பொங்கியது. ஹலீமா நிதானமாக அவர் மீட்டரை எடுத்துப் பார்த்தாள். தன் மீட்டரையும் பார்த்தாள். மறுபடி ஒரு சதுரம் போட்டாள்.

இல்லை என்றார். குமிழி. சத்தியமாக இல்லை என்றார். குமிழியோ குமிழி. மீட்டர் முள் சிவப்பை நோக்கி ஓடியது. யா அல்லா, ஒரு பொய்க்கு இவ்வளவு காற்றா! உயிரா வயலா என்றானபோது வஹாப் கண்ணை மூடிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார். அந்த நிமிஷமே மூச்சு ஒரே சீராக வந்தது. அதற்குள் மாஸ்டர் நீந்திவந்து, காற்று தீரப்போன மாணவரை மேலே கொண்டுபோனார்.

கரையில் ஹலீமா திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் கலங்கடித்தது.

"நீங்க இல்லாத இருபது வருசம் அந்த வயல்தாங்க எனக்குத் துணை" என்றாள். "ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்."

வஹாபுக்கு அவமானமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் கைபேசி அலறியது. மீரா உசேன்.

"மோசம் பண்ணிட்டியே மாப்ள! ஒன் வயல்ல ஐயாவு டிராக்டர் ஓட்டுறான்! கேட்டா குத்தகைங்கறான், பதிஞ்ச பத்திரத்தைக் காட்டுறான்! வரப்புல செங்கொடி பறக்குது! எனக்கு ஒன் நிலமும் வேணாம், ஒன் சகவாசமும் வேணாம்!"

வஹாப் போனை வைத்துவிட்டு ஹலீமா பக்கம் திரும்பினார்.

"குத்தகையா? யாரு எழுதிக் குடுத்தா?"

"நீங்கதான்."

"நானா?"

"சார்ஜாவுக்குப் போகையில எனக்குப் பவர் எழுதிக் குடுத்தீங்களே. திரும்பி வந்து அஞ்சு வருசம் ஆச்சு. அதை நீங்க ரத்தே பண்ணலையே. மீரா உசேன் வயலைப் பாத்துட்டுப் போனதா ஐயாவு சொன்னாரு, வியாழக்கிழமையே போய்ப் பதிஞ்சுட்டேன்."

"அப்ப வியாழக்கிழமையே உனக்கு எல்லாம் தெரியுமா? பிறகு எதுக்குடி என்னைத் தண்ணிக்குள்ள வச்சு அந்தக் கேள்வி கேட்ட?"

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன்."

மாஸ்டர் வந்தார். ஹலீமா தேறிவிட்டாள், சான்றிதழ் வந்துவிடும் என்றார். வஹாப் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டுமாம்.

ஹலீமா கணவரைப் பார்த்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக வளைத்துக் காட்டினாள்.

வஹாப் கடலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் கையைத் தூக்கி, தானும் விரலை வளைத்துக் காட்டினார்.

"இந்த ஒரு பாடத்துல மட்டும் சார் பாஸ்" என்றார் மாஸ்டர்.