தலைமை எழுத்தர் தன்னிச்சையாக மூச்சுவிட்டது

மூச்சு என்பது மனிதனின் சொந்த விவகாரம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தாண்டும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மைத்துனரை அங்கே சேர்த்திருந்ததால், பக்கத்துக் கட்டிலில் நடந்த இந்த வரலாற்றைக் கண்ணால் காணும் பாக்கியம் கிடைத்தது.

அந்த ஆஸ்பத்திரியின் செயற்கைச் சுவாச இயந்திரங்களுக்கு மூன்று முறைகள் உண்டு. இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளுவது அளவு முறை. இவ்வளவு அழுத்தம் என்று வைத்துத் தள்ளுவது அழுத்த முறை. நோயாளி தானே மூச்சிழுக்க, இயந்திரம் கூடமாட ஒத்தாசை செய்வது மூன்றாவதான தன்னிச்சை முறை. பெரிய டாக்டர் அளவு முறையின் பக்தர். அவருடைய சம்பந்தியான இன்னொரு பெரிய டாக்டரோ அழுத்த முறைக்காக உயிரையும் கொடுப்பார், நோயாளியின் உயிரைத்தான். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதால், எது சிறந்தது என்று ஆராய 'மூச்சு முறைகள் ஒப்பீட்டு உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், நிர்வாக அதிகாரி. அதற்கு முன் படுக்கை விரிப்புகளை ஒப்பிட்டு வாங்கிய அனுபவம் அவருக்கு இருந்தது. ஒப்பீடு முடியும்வரை குழுவின் அனுமதியின்றி எந்த நோயாளியையும் முறை மாற்றக் கூடாது என்பது குழுவின் முதல் தீர்மானம்.

இந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துக் கட்டில் தலைமை எழுத்தருக்கு உடம்பு தேறியது. ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நிமோனியாவில் வந்து அளவு முறையில் படுத்திருந்தார். நுரையீரல் தெளிந்து, தானே மூச்சுவிடத் தொடங்கினார். அவர் வெளியே விடும்போது இயந்திரம் உள்ளே தள்ளியது. அவர் இழுக்கும்போது அது சும்மா இருந்தது. அபாய மணி அலறிக்கொண்டே இருந்தது. அவர் பட்ட பாட்டைப் பார்த்து எனக்கே மூச்சு முட்டியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் மனைவி அழுதுகொண்டு நின்றார்.

டியூட்டி டாக்டர் சின்னப் பெண். குழுவுக்கு உடனே எழுதினார்: 'நோயாளி தன்னிச்சையாக மூச்சுவிடுகிறார். தன்னிச்சை முறைக்கு மாற்ற அனுமதி வேண்டும்.'

மருத்துவத்தில் 'தன்னிச்சை' நல்ல சொல். அலுவலகத்தில் அது குற்றச்சாட்டு. தன்னிச்சையாகச் செயல்பட்டார் என்று எழுதியே எத்தனையோ பேரின் பதவி உயர்வை நிறுத்திய நிர்வாக அதிகாரி, நேரே கட்டிலருகே வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு மூச்சு விட்டாரு?"

"யாரையும் கேக்கல சார். தானா விடறாரு. நல்ல அறிகுறி."

"இவருக்கு எடம் குடுத்தா, நாளைக்கு வார்டு முழுக்க ஆளாளுக்கு மூச்சு விட ஆரம்பிச்சிடுவாங்களே."

"அதுக்குத்தான் சார் ஆஸ்பத்திரி நடத்தறோம்."

அதிகாரிக்கு இந்தக் கோணம் புதிது. குழுவைக் கூட்டினார். இரண்டு பெரிய டாக்டர்களும் நெடுநாள் கழித்து ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். மயக்க மருந்தைக் கூட்டினால் மூச்சு தானே அடங்கும், மணியும் நிற்கும், ஒப்பீடும் கெடாது. இனியும் மயக்கத்தில் போட்டால் மனுஷர் இயந்திரத்தை விட்டு மீள்வதே கஷ்டம் என்று டியூட்டி டாக்டர் மன்றாடினார். அவர் மன்றாடியதும் தன்னிச்சையானது என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

இருந்தாலும் நடவடிக்கைக்கு முன் விளக்கம் கேட்க வேண்டுமல்லவா? நோயாளியின் வாயில் குழாய் இருந்ததால் மனைவியை அழைத்தார்கள்.

"சார், கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் தானா ஒரு காரியம் செஞ்சதில்ல," என்றார் அந்த அம்மாள். "என்னைப் பிடிச்சிருக்கான்னு நான் கேட்டதுக்கே, அம்மாவைக் கேட்டுச் சொல்றேன்னாரு. யாராவது சொல்லித்தான் மூச்சு விட்டிருப்பாரு. சொல்லலைன்னா இப்பவாவது சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. உத்தரவு தயாரானது: 'மேற்படி நோயாளி தன்னிச்சையாக மூச்சுவிடுமாறு இதன்மூலம் பணிக்கப்படுகிறார்.' டியூட்டி டாக்டர் அதைத் தலைமை எழுத்தரின் காதில் வாசித்துவிட்டு முறையை மாற்றினார். மணி நின்றது. மூச்சு சீராக வந்தது. சில நாளில் குழாயையும் எடுத்தார்கள். மூன்று முறைகளையும்விட உத்தரவு முறையே சிறந்தது என்று ஒருமனதாக முடிவெடுத்துக் குழு கலைந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த அம்மாளும் அழுதுகொண்டே சிரித்தார்.

தலைமை எழுத்தர் கம்மிய குரலில் முதலில் கேட்டது மனைவியைப் பற்றியல்ல.

"அந்த உத்தரவு எது வரைக்கும் செல்லும்? தேதி போட்டிருக்கா?"

போடவில்லை. அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு அதிகாரியின் அறைக்கு ஓடினார். நியாயமான கேள்விதான் என்றாராம் அதிகாரி. செய்தி பரவி, சற்று நேரத்தில் எல்லா நோயாளிகளின் சொந்தக்காரர்களும் அந்த அறை வாசலில் வரிசைகட்டிவிட்டார்கள்.

என் மைத்துனருக்கு அதற்குள் இயந்திரம் தேவைப்படவில்லை. கட்டிலில் உட்கார்ந்து நர்ஸிடம் சண்டை போடும் அளவுக்கு மூச்சு இருந்தது. ஆனாலும் நான் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அதிகாரி தலை நிமிராமல் யாருக்கு என்று கேட்டார்.

"மைத்துனருக்கு ஒண்ணு சார்," என்றேன். "அப்படியே எனக்கும் ஒண்ணு போட்டுடுங்க. எதுக்கும் இருக்கட்டும்."