கால் நீட்ட ஒரு சந்தேகம்

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு நெருப்பு என்பார் சிலர். சக்கரம் என்பார் வேறு சிலர். இரு சாராரும் விமானத்தில் ஏறாதவர்கள். ஏறியவர்கள் அறிவார்கள், சந்தேகத்துக்கு ஈடான கண்டுபிடிப்பு இவ்வுலகில் இல்லை என்று. விமானம் ஒருவரை ஊர்விட்டு ஊர்தான் கொண்டு சேர்க்கும். சந்தேகமோ, அவரை உட்கார்ந்த இடத்திலேயே குற்றவாளியாக்கிவிடும். எரிபொருள் செலவும் இல்லை.

இந்தப் பேருண்மையை முதலில் உணர்ந்த பெருமை ஒரு விமான நிறுவனத்தைச் சாரும். காவலர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாமல், பயணிகளையே காவலர்களாக்கி, அதற்கும் பயணிகளிடமே கட்டணம் பெற்றுக்கொண்ட அந்தத் திட்டத்தின் பெயர் 'விழித்திரு பயணி'. சக பயணியின் மீது 'தகுந்த சந்தேகம்' தெரிவிப்பவருக்கு முன்வரிசையில், தாராளமாகக் கால் நீட்டிக்கொள்ளும்படியான இருக்கை, உடனடிப் பரிசு.

நம் தணிக்கையாளருக்கு அத்தகைய இருக்கை அவசியமாக இருந்தது. பிறர் எழுதிய கணக்கில் பிழை கண்டே குடும்பம் நடத்தி ஓய்வு பெற்ற அவருக்கு, வலது முழங்காலில் தீராத வலி. இரும்புக் கம்பி வைத்த பட்டை ஒன்றைக் கால்சட்டைக்குள் கட்டியிருந்தார். அவருடைய மனைவிக்கோ முழங்காலைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. வெளியூரில் மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை கப்பல் பொறியாளர், நடுக்கடலில் இருந்தார். "அம்மா, வலி எடுத்திருச்சு. சீக்கிரம் வாம்மா" என்று மகள் காலையில்தான் அழைத்திருந்தாள்.

பாதுகாப்புச் சோதனையில் வீட்டம்மாவின் பை திறக்கப்பட்டது.

"இது என்ன புட்டி?" என்றார் அதிகாரி.

"குழந்தைக்கு வயித்து வலி மருந்துங்க. பேரப்பிள்ளைக்கு."

"பேரப்பிள்ளை எங்க?"

"இன்னும் பொறக்கலைங்க."

"பொறக்காதவங்களுக்கு டிக்கெட் எடுத்திருக்கீங்களா?"

"அது எதுக்குங்க?"

"பயணம் பண்றவங்களோட மருந்துதான் மருந்து. பயணம் பண்ணாதவங்களோட மருந்து வெறும் திரவம்."

எத்தகைய தெளிவு! தணிக்கையாளர் உருகிப்போனார். "விதின்னா விதிதான். குடுத்துடும்மா" என்றார்.

"நீங்க எந்தப் பக்கம்ங்க?"

"நான் சட்டத்தோட பக்கம்."

அடுத்து, வீட்டம்மா தன் கையால் பின்னிய குழந்தைத் தொப்பி ஆராயப்பட்டது. அதன் நாடாக்கள் 'கயிறு' என்று முடிவாகி உருவப்பட்டன. இந்த ஆய்வின் மும்முரத்தில், தணிக்கையாளரின் முழங்கால் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காரத் தனிக்கட்டணம் என்பதால், தணிக்கையாளர் அதைச் செலுத்தவில்லை. அவருக்கு நடுவில் இடம். வீட்டம்மாவுக்கு நான்கு வரிசை பின்னால். விமானம் மேலெழுந்ததும் பணிப்பெண் தேன் குரலில் அறிவித்தார்: "அன்பார்ந்த பயணிகளே, இருக்கைப் பட்டையை அணிந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இனிய பயணம் அமையட்டும்."

தணிக்கையாளர் உற்றுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர். தணிக்கையாளர் அவரைப் பார்த்துக்கொண்டே மணியை அழுத்தினார். தலைமைப் பணியாளர் விரைந்து வந்தார்.

"இந்த ஆள் சும்மா இருக்கார்" என்றார் தணிக்கையாளர், தணிந்த குரலில்.

"சும்மான்னா எப்படி சார்?"

"படம் பார்க்கல. தூங்கல. சாப்பாடும் வேண்டாங்கிறார். ஒரு மனுஷன் இவ்வளவு சும்மா இருந்து நான் பார்த்ததே இல்ல."

"கவனிக்க வேண்டிய விஷயம்தான்" என்ற தலைமைப் பணியாளர், கடைக்காரரின் பக்கம் குனிந்தார். "ஏன் சார் இப்படி இருக்கீங்க?"

"எனக்கு விமானம்னாலே பயம்ங்க. அசையாம உக்காந்தா கொஞ்சம் தேவலைன்னு..."

"எதுக்குப் பயம்? என்ன நடக்கப் போகுது?"

"கீழ விழுந்துட்டா?"

"விழும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

பக்கத்து வரிசையில் ஒருவர், "விழுமாம்" என்றார். அதற்கடுத்த வரிசையில் அது, "விழப்போகுதாம்" ஆயிற்று. கடைசி வரிசையைச் சென்றடைந்தபோது ஓர் இறக்கை ஏற்கெனவே கழன்று விழுந்திருந்தது. அலறல் எழுந்தது. ஒருவர் உயிர்காக்கும் மிதவையை ஊதிப் பெரிதாக்கிக்கொண்டு, இருக்கைக்கும் முன்னிருக்கைக்கும் இடையே சிக்கிக்கொண்டார். தலைமைப் பணியாளர் நிதானம் இழக்கவில்லை. பயப்படுகிறவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. பயப்படாதவர் எதையோ மறைக்கிறார். பயிற்சியின் சாரமே இதுதான். கடைக்காரர் கழிவறைக்கு அருகிலுள்ள இருக்கைக்கு மாற்றப்பட்டு, இரு கைகளையும் தலைமேல் வைத்துக்கொள்ளும்படி பணிக்கப்பட்டார். அவரும் மறுக்கவில்லை. பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைத்ததே என்பதுபோல் தன் தலையை இறுகப் பற்றிக்கொண்டார்.

கைதட்டலுக்கிடையே தணிக்கையாளர் முன்வரிசைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். வழியில் வீட்டம்மாவின் குரல் பின்னாலிருந்து எட்டியது: "என்னங்க, பேசாம இருங்களேன். விமானத்தைத் திருப்பிடப் போறாங்க. பொண்ணு அங்க தனியாக் கெடக்கா."

அவர் திரும்பவில்லை. அமர்ந்தார். காலை நீட்டினார். ஆகா! முழங்கால் என்ற ஒன்று தமக்கு இருப்பதே அந்தக் கணத்தில் மறந்துபோயிற்று. ஆனால் பிறர் மறக்கவில்லை. கால்சட்டை மேலேறியதில் கம்பியின் நுனி பளபளத்தது. இடைவழிக்கு அப்பால் பின்வரிசையில், முழங்கால் முகவாயை இடிக்க மடங்கிக் கிடந்த கூடைப்பந்துப் பயிற்சியாளர் அதைக் கண்டார்.

"கால்ல இரும்பு கட்டியிருக்கார்!"

பரிசு முதலில் சொல்பவருக்கே என்பதால், விமானத்தின் எல்லா மணிகளும் ஒருசேர ஒலித்தன. பொறுப்புணர்ச்சியின் அத்தகைய பேரொலியை வானம் அதற்குமுன் கேட்டிருக்காது.

"யோவ், நான்தான்யா புகார் குடுத்தவன்!" என்று கத்தினார் தணிக்கையாளர்.

"தான் மாட்டிக்காம இருக்க முந்திக்கிட்டுப் புகார் குடுக்கறதும் உண்டு சார். பயிற்சியில சொல்லியிருக்காங்க" என்றார் ஓடிவந்த தலைமைப் பணியாளர்.

"இது மூட்டு வலிக்குப் போடற பட்டை!"

"சோதனையில ஏன் சொல்லல?"

"அவங்க கேக்கல."

"கேக்கலன்னா சொல்லமாட்டீங்க" என்று மற்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார் தலைமைப் பணியாளர். அறுபது தலைகள் ஆமோதித்தன.

அருகிலுள்ள நிலையத்தில் விமானம் இறங்கும் என்றும், சந்தேகத்துக்குரியவரும் 'அவரைச் சார்ந்தோரும்' அங்கே இறக்கப்படுவர் என்றும், ஏனையோர் உடனே பயணத்தைத் தொடர்வர் என்றும் விமானி அறிவித்தார்.

"இவரோட யாராவது வந்திருக்கீங்களா?"

"அதோ, அவதான் என் சம்சாரம்!" என்று கையை நீட்டினார் தணிக்கையாளர். "அவகிட்டயே கேளுங்க, நான் யாருன்னு!"

தலைமைப் பணியாளர் வீட்டம்மாவிடம் சென்றார். "அம்மா, அவர் உங்க வீட்டுக்காரரா?"

வீட்டம்மா எட்டிப் பார்த்தார். நாடா இழந்த தொப்பி மடியில் இருந்தது. ஆம் என்றால், இருவரும் ஏதோ ஓர் அறையில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க, மகள் தனியாகப் பிரசவ அறைக்குள் போவாள்.

"இல்லைங்க" என்றார். "என் வீட்டுக்காரரா இருந்தா, இன்னிக்கு மக கிட்டப் போய்ச் சேரணுங்கிற நினைப்பு இருக்கும். இவர் முன் சீட்டுக்குப் போறதுக்கே வந்தவர் போல இருக்கு."

தணிக்கையாளர் நீட்டிய கையைக் கீழே இறக்கினார்.

இடைநிலையத்தின் சன்னலற்ற அறையில் அந்தப் பட்டை ஊடுகதிர்க் கருவிக்குள் இருமுறை போய்வந்தது. நிலைய அதிகாரி அதைப் பணிவோடு திருப்பித் தந்தார்.

"நல்ல பட்டைதான் சார். எங்க வாங்குனீங்க? எங்கப்பாவுக்கும் மூட்டு வலி."

"அப்போ என் மேல தப்பு இல்லைன்னு ஆயிடுச்சா?"

"யார் மேல சார் இருந்துச்சு? இதுவரைக்கும் நாங்க இறக்கின அத்தனை பேரும் நிரபராதிங்கதான்."

"பின்ன எதுக்குய்யா இந்தத் திட்டம்?"

"இத்தனை நிரபராதிங்களைப் புடிச்சிருக்கோமே, இனி குற்றவாளி எவனாவது கிட்ட வருவானா?"

தணிக்கைத் துறையிலும் கேட்டறியாத அந்தத் தருக்கத்தின் முன் அவர் தலைகுனிந்து நின்றபோது, கைபேசி ஒலித்தது.

"பேத்தி பொறந்திருக்கா" என்றார் வீட்டம்மா. "ரெண்டு பேரும் சுகம். உள்ள கூட்டிட்டுப் போற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். என் கையை விடவே இல்ல அவ."

அவர் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். "நல்லதும்மா. ஆனாலும், அத்தனை பேர் முன்னாடி என்னை யாரோன்னு சொல்லிட்டியே?"

"பயந்தவர் ஒருத்தர் இருந்தார், அவர் என்னை ஒண்ணும் பண்ணல. காலை மடக்கிட்டு ஒரு நெட்டை மனுஷன் இருந்தார். நீங்க காலை நீட்டற வரைக்கும் அவரும் பேசாமத்தான் இருந்தார். அந்த விமானத்துல என் பொண்ணுகிட்டப் போகவிடாம வழியை மறிச்சது நீங்க ஒருத்தர்தாங்க. சரி, பஸ்ஸைப் புடிச்சு வாங்க. காலைப் பார்த்துக்குங்க."

ஆகவே, நிலைய அதிகாரியின் கூற்றைச் சற்றே திருத்திக்கொள்வது நம் கடமையாகிறது. 'விழித்திரு பயணி' திட்டம் தொடங்கிய நாள்முதல், அன்று ஒரே ஒரு முறை, சரியான ஆளை இறக்கிவிட்டிருந்தது. மற்ற சரியான ஆட்களையும் அது இறக்கியிருக்கும். ஆனால் திட்டத்தை வகுத்த அந்தப் பெரியவர்கள் தங்கள் சொந்த விமானத்தில்தான் பறக்கிறார்கள்.