மூணு வார்த்தை மேடமும் புத்தூர் குப்புசாமியும்

ஏழுமலையானைத் தரிசிக்காமலே திருப்பதியில் காலம் தள்ளுகிறவர்களை எனக்குத் தெரியும். மூணு வார்த்தை மேடத்திடம் மாட்டாமல் தப்பித்தவர் ஒருவரைக்கூடத் தெரியாது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் எங்கள் மருத்துவக் கல்லூரியில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் மறதி நோயை ஆராய்கிற டாக்டர், சித்தூர்க்காரர். நான் ஆராய்ச்சிப் பிரிவில் குமாஸ்தா. எதிரில் யார் வந்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக மூன்று வார்த்தை சொல்வார்.

"குடை, முருங்கைக்காய், சாவி. ஞாபகம் வெச்சிக்குங்க, அப்புறம் கேப்பேன்."

பிறகு வெயில், காய்கறி விலை, யார் பெண்ணுக்கு எங்கே சம்பந்தம் என்று சாவகாசமாகப் பேசிவிட்டு, நாம் அசந்த நேரம் பார்த்து "எங்க, சொல்லுங்க" என்பார். ஞாபகசக்தியைச் சோதிக்க டாக்டர்கள் வழக்கமாகச் செய்வதுதான் இது. மற்றவர்கள் ஆஸ்பத்திரியில் செய்வார்கள். இவர் பஸ் ஸ்டாண்டில் செய்வார். முருங்கைக்காயை மறந்துவிட்ட ஆட்டோக்காரரை வாசலிலேயே நிறுத்தி வைத்து, ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒரு கல்யாணத்தில் மேடையேறி மாப்பிள்ளைக்கே மூன்று வார்த்தை சொன்னார். பையன் மூன்றையும் கணீரென்று ஒப்பித்தான். பெண்ணின் பெயரைக் கேட்டபோதுதான் திணறினான் என்று ஊரில் பேச்சு.

கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருந்த பாஷாவுக்கு மனசு இளகியது. காலையில் மேடம் அவனிடம் சொல்லும் மூன்று வார்த்தைகளை, உள்ளே போகிறவர்களுக்கெல்லாம் சத்தமாக அறிவிக்க ஆரம்பித்தான். "சார், இன்னிக்கி எருமை, சீப்பு, தக்காளி!" பியூன் முதல் பிரின்சிபால் வரை எல்லோரும் ஒரே வாரத்தில் மேதைகளாகிவிட்டோம்.

மேடத்துக்குச் சந்தேகம் வந்து நேராக டீக்கடைக்குப் போனார். "ஏம்பா பாஷா, கொஸ்டின் பேப்பர் லீக் பண்றியா?"

"பாவம் மேடம், அல்லாரும் வேலைக்குப் போறவங்க. தலைய பிச்சிக்கினு நிக்கறாங்க, சொல்றேன்" என்றான் அவன், பாய்லரைத் துடைத்துக்கொண்டே. மறுநாளிலிருந்து ஆளுக்குத் தனித்தனியாக மூன்று வார்த்தைகள். யாருக்கு எதைச் சொன்னோம் என்பது மேடத்துக்கு மட்டும் மறக்கவே மறக்காது.

இப்படிச் சிரிப்பும் கேலியுமாகப் போய்க்கொண்டிருந்தது, புத்தூர் முகாம் நடக்கும் வரைக்கும்.

வயதானவர்களுக்காக எங்கள் கல்லூரி நடத்திய ஞாபகப் பரிசோதனை முகாம் அது. கேள்விகள் வேறெங்கோ தயாராகி அச்சடித்து வந்தவை. மார்க் போட வந்த பிள்ளைகளும் வெளியூர். "இது எந்த மாவட்டம்?" என்று ஒரு கேள்வி. புத்தூர் காலங்காலமாகச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். சில வருஷத்துக்கு முன் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போய்விட்டது. பெரியவர்களோ ஒருவர் பாக்கியில்லாமல் "சித்தூரு" என்று அடித்துச் சொன்னார்கள். மிருகங்களின் பெயரைச் சொல்லச் சொன்னால், தமிழில் ஆடு மாடு என்று ஆரம்பித்து, பாதியில் தெலுங்குக்குத் தாவி 'குக்க', 'பில்லி' என்று நாயையும் பூனையையும் சேர்த்தார்கள். ஒரு பாஷையில் சொன்னதுக்குத்தான் மார்க். சாயந்திரம் கூட்டிப் பார்த்தால் புத்தூரில் பாதிப் பேருக்கு மறதி நோய்.

அந்தப் பாதியில் ஒருவர் குப்புசாமி. வீடு புத்தூரில், நூல் கடை நகரியில். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், தறிக்காரர்களுக்கு நூல் விற்றுவிட்டு இருட்டுவதற்குள் திரும்புகிற மனிதர். மார்க்கைப் பார்த்துப் பயந்த மகன் சேகர், அவரை வீட்டோடு இருக்கச் சொல்லி கேட்டைப் பூட்டிவிட்டான்.

அடுத்த முகாமுக்கு மகனோடு வந்த குப்புசாமி, மேடத்தைப் பார்த்ததும் வெடித்துவிட்டார். "நா என்னா திருடனாம்மா? புத்தூரு சித்தூர் ஜில்லான்னு சொன்னேன். அதுக்குப் போய் வூட்டுக்குப் பூட்டு போட்டுட்டான்!"

மேடத்தின் முகம் வாடிவிட்டது. "உங்க நைனாவுக்கு ஒன்னுமில்லப்பா" என்றார் சேகரிடம். "ஊரு அங்கியேதான் கீது. ஜில்லாதான் எழுந்து போயிடுச்சி."

"மார்க் கம்மியா வந்துகீதே மேடம். பஸ்ஸுல ஏறி எங்கனா பூட்டார்னா நா யாரக் கேப்பேன்? சரியான பரீட்சை ஒன்னு வெச்சி பாஸ் பண்ண வெய்யுங்க, அன்னிக்கே பூட்டத் தொறந்துடறேன்."

"வெக்கறேன். நிரூபிச்சிக் காட்டறேன்" என்றார் மேடம்.

சொல்வது சுலபம். எல்லைப்பக்கத்து ஜனங்கள் பேசுகிறபடியே ஒரு பரிசோதனையைத் தயாரித்து, ஊர் ஊராகப் போய்ச் சரிபார்க்க ஆள் வேண்டும், வண்டி வேண்டும். அதற்கு ஆராய்ச்சி நிதி வேண்டும். விண்ணப்பம் டைப் அடிக்க உட்கார்ந்தோம். 'ஆய்வின் நோக்கம்' என்ற இடத்தில் மேடம் சொன்னார்: "குப்புசாமி வூட்டுப் பூட்டத் தொறக்கணும். அடிங்க சார்."

"மேடம், இப்டி அடிச்சா குப்பையில போடுவாங்க."

ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டி, 'எல்லைப்புற இருமொழி முதியோரின் அறிதிறனை மதிப்பிடும் கருவியை உருவாக்குதல்' என்று முடித்தேன். மேடம் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இதுல குப்புசாமி எங்க சார் கீறாரு?"

"உள்ள இருக்காரு மேடம்" என்றேன்.

முதல் தடவை, சின்னப் பகுதிக்கு மட்டும் பயன்படும் ஆய்வு என்று நிராகரித்தார்கள். மேடம் விடவில்லை. வேறோர் அமைப்புக்கு அனுப்பினோம். அவர்கள் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். திருப்பதியில் ஒரு ஓட்டல் அறையில் நிபுணர் குழு உட்கார்ந்திருந்தது. மேடம் உள்ளே நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல், "வாழைப்பூ, செருப்பு, ஜன்னல். அப்புறம் கேப்பேன்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

குழுவின் தலைவர் பெரிய டாக்டர், சிடுமூஞ்சி. "தான் இருக்கும் மாவட்டமே தெரியாதவரை மறதிக்காரர் என்று சொன்னால் என்ன தப்பு?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எந்த ஊர் சார்?"

"சூளூர்பேட்டை."

"எந்த ஜில்லா?"

"நெல்லூர்" என்றார் அவர், யோசிக்காமல்.

பக்கத்திலிருந்த இளம் டாக்டர் மெதுவாக, "சார், அது இப்ப திருப்பதி ஜில்லா" என்றார். மேடம் எழுந்து நின்று, "வூட்டுக்குச் சொல்லிடுங்க சார், கேட்டைப் பூட்டிடுவாங்க" என்றார். முடிந்தது கதை, பஸ் பிடித்துப் போய்விடலாம் என்று நான் பையை எடுத்துவிட்டேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்புறம் தோள் குலுங்கச் சிரித்தார். நிதி கிடைத்துவிட்டது.

புதிய பரிசோதனை தயாரானது. எந்த பாஷையில் சொன்னாலும் மார்க் உண்டு. மாவட்டக் கேள்வியை எடுத்துவிட்டு, "நகரிக்குப் போக எங்க பஸ் ஏறணும்?" என்று வைத்தார் மேடம். முன்பு தோற்றவர்கள் வரிசையாகப் பாஸ் செய்தார்கள். பாஸான ஒரு மாமியார் அன்றைக்கே, மருமகள் கல்யாணமான புதிதில் பேசிய பேச்சையெல்லாம் இரண்டு பாஷையிலும் எடுத்துவிட்டாராம். மேடத்துக்கு ஒரே பெருமை.

குப்புசாமியை மட்டும் தானே சோதிப்பதாகச் சொல்லி, என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார். மிருகங்களின் பெயர் கேட்டார். "ஆடு, மாடு" என்றார் குப்புசாமி. நெற்றியைத் தடவிக்கொண்டார். மறுபடி "ஆடு" என்றார். நகரிக்குப் போக எங்கே பஸ் ஏறணும் என்று கேட்டபோது, அவர் மகன் முகத்தைப் பார்த்தார்.

"சேகரக் கேளும்மா. அவன்தான் போய்க்கினு வந்துகினு கீறான்."

மேடம் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தார். தெலுங்கில் கேட்டார். பிறகு பேனாவை மூடிவிட்டார். குப்புசாமிக்காகவே செய்த பரிசோதனை அது. குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

சேகர் கேட்டான். "அப்ப மொதல்ல சொன்னதுதானே சரி மேடம்?"

"அது குருட்டாம்போக்குல சொன்னதுப்பா. நல்லா இருந்தவங்களுக்கும் அதேதான் சொல்லிச்சி. இதுதான் நெஜம்." மேடம் குப்புசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நிரூபிக்கிறேன்னு சொன்னேன், என்னால முடியல. ஆனா பூட்ட எடுத்துடு. பூட்டி வெக்கறது வைத்தியம் இல்ல. தனியா அனுப்பாத, அவ்ளோதான். வாரத்துல ஒரு நாள் நா வந்து கடைக்கு இட்டுக்கினு போறேன்."

திரும்பி வரும்போது வடமாலப்பேட்டை தாண்டியும் மேடம் அந்த மார்க்கையே மறுபடி மறுபடி கூட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல என்ன வெட்கம்?

அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் குப்புசாமியை மேடம் நகரிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறார். போன மாதம் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் கண்டக்டருக்கு மூன்று வார்த்தை, பின்சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாவுக்கு மூன்று, எனக்கு மூன்று. நகரி வருவதற்குள் பஸ்ஸே வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த குப்புசாமி மேடத்தின் பக்கம் திரும்பி, "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டார். மேடம் அப்பா பெயர், ஊர், தெரு எல்லாம் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார். மேடமும் முதல் தடவை சொல்வதுபோலவே மறுபடி சொன்னார்.

அந்த பஸ்ஸில் எங்கள் மேடம் கேள்வி கேட்காத ஒரே ஆள் குப்புசாமிதான்.