ஒன்பதே முக்கால் மணி நேரம்

நிலங்களைப் பிழையற அளப்பவரும், என் துணைவியின் தம்பியுமாகிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம் என்று எழுதத்தான் விழைகிறேன். என் முழங்கால்கள் அதற்கு உடன்படவில்லை.

உலகப் படத்தின்மேல் அடிக்கோலை வைத்து நீர் என்ன முழங்கினீர்? "அத்தான், எட்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர், மணிக்கு எண்ணூத்தம்பது. வெறும் ஒம்பதே முக்கால் மணி நேரந்தான்! ஒரு தூக்கம் போட்டு எழுந்தா ஊர் வந்துடும்." நம்பினேன் ஐயா! மகளின் திருமணப் பதிவு காலை பதினொரு மணிக்கு; தந்தை கையொப்பமிடாமல் தான் கையொப்பமிடுவதில்லை என்று அவள் உறுதி பூண்டிருந்தாள். என் வீட்டு வாசலிலிருந்து பதிவாளர் வாசலுக்கு நான் வந்து சேர முழுதாக ஒரு நாள் ஆயிற்று! வானூர்தி நிலையத்துக்குச் செல்ல இரண்டு மணி நேரம் ஆகும் என்று உம் அடிக்கோல் சொல்லிற்றா? இடைவாரையும் காலணியையும் கழற்றிக் கையில் ஏந்தி நிற்கும் வரிசை உம் படத்தில் உண்டா? காத்திருப்போர் கூடத்தில் முதியோர் நிற்க, பைகள் நாற்காலியில் அமர்ந்திருந்த கொடுமை கண்டு நான் நான்கு சொற்கள் கூறிக்கொண்டிருந்தபோது, ஒரு சொல்லும் சொல்லாமல் வானூர்தி என்னை விட்டுவிட்டுப் பறந்தது! அடுத்தது எதிர்த்திசையில் ஓர் ஊருக்குப் போய், அங்கே என்னை இறக்கி, வேறொன்றில் ஏற்றி, இரு பருமனான வணிகர்களுக்கிடையே என்னைச் செருகி, ஒருவழியாகக் கொணர்ந்து சேர்த்தது.

பதிவகம் மூடுவது ஐந்து மணிக்கு. நான் படியேறியது நான்கு ஐம்பதுக்கு. மாப்பிள்ளை சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டார். மகள் மட்டும் கதவையே பார்த்து நின்றாள். நான் தொண்டையைச் செருமினேன். ஒரு வாரம் முன்பே வந்துவிட்டிருந்த உம் அக்காள் பாய்ந்து வந்தாள். "வந்துட்டீங்களா? வாயைத் திறக்காதீங்க, கையை நீட்டுங்க!"

பதிவாளரும் கைகூப்பினார்: "ஐயா, பேச்சு வேணாம். கையெழுத்து மட்டும்."

முப்பது பக்க வாழ்த்துரை சட்டைப்பையில் கசங்கிக் கிடக்க, வாழ்வில் முதன்முறையாக வாளாவிருந்து ஒப்பமிட்டேன். இப்பழி உம்முடையதே!

உம் மனையாளும் மக்களும் நெடிது வாழ்க. உம் அடிக்கோல் மட்டும் ஒடிக.

இங்ஙனம்,
உம் அத்தான்

பின்குறிப்பு: அடிக்கோலை ஒடிக்க வேண்டாம். சக பயணி ஒருவர் காத்திருப்போர் கூடத்தில் நான் ஆற்றிய உரையைப் பதிவு செய்து இணையத்தில் இட்டிருக்கிறாராம். மகள் இப்போதுதான் காட்டினாள். ஒரு மணி பத்து நிமிடம் ஓடுகிறது. என் முதுகுக்குப் பின்னால் பணிப்பெண் நான்கு முறை என் பெயர் சொல்லி அழைக்கிறார்: "ஐயா, உங்க ஒருத்தருக்காகத்தான் கதவைத் திறந்து வச்சிருக்கோம்!" நான் திரும்பிக்கூடப் பாராமல், குறுக்கிடாதீர் என்று கையமர்த்துகிறேன். கூட்டம் கைதட்டுகிறது. மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மாமா கணக்கு சரிதான்ப்பா. நடுவுல நீங்க பேசுவீங்கங்கறதைத்தான் சேர்க்காம விட்டுட்டாரு."