உறவினர் அல்லாதவர்

மதிப்பிற்குரிய முன்னாள் சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டில் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டிலிருந்து கடிதம் வந்தால் யாருக்கும் முதலில் கெட்ட செய்திதான் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. நான் இருக்கிறேன். இருப்பவன் நான்தானா என்பதில்தான் சிக்கல், அதற்காகவே எழுதுகிறேன். மேலே 'முன்னாள்' என்று போட்டதற்கு மன்னிக்கவும். வெறும் சம்பந்தி என்று எழுதி அடித்தேன், ஐயா என்று எழுதி அடித்தேன், மூன்றாவது தாளில் இப்படி வந்து நின்றது. இடது கண்ணில் புரை முற்றியிருப்பதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

எல்லாம் அந்தக் கண்ணில்தான் ஆரம்பித்தது. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பதிவு செய்யும் பெண் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன மாசத்தோட முடிஞ்சு போச்சுங்களே" என்றாள். கண்ணைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அட்டையின் காலாவதியைச் சொல்லியிருக்கிறாள். புது அட்டை இல்லாமல் தேதி கிடையாதாம். பையனுக்குப் போன் போட்டேன். ஆன்லைனில் ஐந்து நிமிஷ வேலை என்றான். அவனுக்கு எல்லாமே ஐந்து நிமிஷ வேலைதான், தங்களுக்குத் தெரியாததா. ரகசிய எண் என் பழைய போன் நம்பருக்குப் போய்விட்டது. அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. கூப்பிட்டேன், ஒரு அம்மாள் எடுத்தார். உங்களுக்கு வந்திருக்கும் ஆறு எண்களை மட்டும் சொல்லுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "இந்த வயசுல உனக்கு எதுக்குய்யா இந்தப் பொழப்பு?" என்றார். கேள்வி நியாயமானது. போனை வைத்துவிட்டேன்.

ஆக நேரில் போனேன். அட்டை அலுவலகம் நாலாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. முப்பத்தாறு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். பொத்தானை அழுத்தியதும் மேலே கேட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, கதவு ஸ்விட்ச் ஒட்டவில்லை, பத்து நிமிஷ வேலை. வாட்ச்மேனிடம் சொன்னேன். புகார் கொடுத்தாகிவிட்டது, தெரிந்தவர்கள் வந்து பார்ப்பார்கள் என்றார். தெரிந்தவன் படியேறினேன். மூன்றாவது மாடித் திருப்பத்தில் முழங்கால் நின்றுவிட்டது, அங்கேயே படியில் உட்கார்ந்தேன். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் என் பக்கத்தில் இருந்த பையைத் தாண்டுகிற மாதிரியே என்னையும் தாண்டிப் போனார்கள்.

மேலே படம் எடுக்கும் இயந்திரத்தின் முன் உட்கார வைத்தார்கள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். தங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் தாங்களே அளவெடுத்துப் போட்டுக் கொடுத்த அதே ஃபிரேம்தான், இன்னும் மாற்றவில்லை. நேராகப் பார்த்தேன், பொருந்தவில்லை என்றது. தாடையைத் தூக்கினேன், பொருந்தவில்லை. பல்செட்டைக் கழற்றி ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை. அதற்கும் அதே பதில். அந்த அலுவலகப் பெண் பொறுமைசாலி, குறை சொல்ல முடியாது. திரையை என் பக்கம் திருப்பி, இருபது வருஷத்துக்கு முந்தைய படத்தைக் காட்டி, "ஐயா, இது நீங்கதானா? நல்லா பாத்துச் சொல்லுங்க" என்றாள். கருகருவென்று மீசை, யாருக்கும் கடன்படாதவன் போல ஒரு பார்வை. கண்ணாடி இல்லாமல், புரை விழுந்த கண்ணால் பார்த்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "இருக்கலாம்மா" என்றேன்.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உடனே ஒரு படிவத்தை எடுத்தாள். இவர் இவர்தான் என்று ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் என்னைப் பதினைந்து வருஷத்துக்கு மேல் அறிந்தவராக இருக்க வேண்டும், உறவினராக இருக்கக் கூடாது. என் மனைவி கூட வந்திருந்தாள். நாற்பத்து நாலு வருஷமாக இந்த மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நான் சொன்னால் போதாதா என்று கேட்டாள். செல்லாது என்றார்கள். வீடு வரும்வரை அவள் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள், ஏதோ நான்தான் செல்லாது என்று சொன்ன மாதிரி.

சரி, ஆளா இல்லை என்று போன் டைரியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் எங்கள் ஃபோர்மேன். அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, மறந்துபோய் நம்பரைச் சுற்றிவிட்டேன், அவர் மருமகள் எடுத்து நல்லவிதமாகவே சொன்னாள். அடுத்து, என்னோடு வேலை பார்த்த எலக்ட்ரீஷியன், அவனும் இல்லை. பழைய வீட்டில் மாடியில் குடியிருந்த வக்கீல் குமாஸ்தா இருக்கிறார். சந்தோஷமாகிவிட்டது. என் பேரைச் சொன்னேன், யாரு என்றார். மறுபடி சொன்னேன், மறுபடி யாரு என்றார். என் தொழிலைச் சொன்னேன். "லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது, நீங்க வர வேணாம்" என்று வைத்துவிட்டார். அவர் இப்போது இருப்பது தரைத்தளத்தில். முடி வெட்டுபவர், மருந்துக்கடைக்காரர் எல்லாம் ஏழெட்டு வருஷத்துப் பழக்கம். அவர்களுக்கு என்னைக் கிழவனாக மட்டும்தான் தெரியும். இப்படியே கடைசிப் பக்கம்வரை போய்விட்டேன். மூன்று நாள் ஆயிற்று. மிச்சம் நின்றது தாங்கள் ஒருவர்தான். பத்தொன்பது வருஷமாக என்னை அறிந்தவர். நம் பிள்ளைகள் பிரிந்த தேதியிலிருந்து உறவினரும் அல்ல. தீர்ப்பின் நகல்கூட என்னிடம் இருக்கிறது. இந்தத் தகுதி தங்களுக்கு வந்ததில் எனக்கு ஒன்றும் மகிழ்ச்சி இல்லை.

கேட்கும் முன் ஒன்று சொல்லியாக வேண்டும். அன்றைக்குக் கோர்ட் வராந்தாவில் நீங்க எதிர் பெஞ்சில உட்கார்ந்திருந்தீங்க. மத்தியானம் எழுந்து வந்து, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டீங்க. நான் காதில் விழாத மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்தது. மாத்திரை போட்டிருக்கவில்லை. பிரிஞ்சது அதுங்க ரெண்டும், நமக்குள்ள என்ன வந்தது? எத்தனை சாயங்காலம் உங்க கடை ஸ்டூலில உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருக்கேன். அதுங்களுக்கு ஒரு குழந்தை இருந்திருந்தாலாவது, அதைக் கொண்டுவிட, கூட்டிப்போக என்று வாசல்வரை வந்திருப்போம். அதுவும் இல்லை. இதையெல்லாம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ரோஷம். இப்போது அந்த ரோஷத்தையும் காணோம்.

படிவத்தை இணைத்திருக்கிறேன். 'விண்ணப்பதாரரை எவ்வகையில் அறிவீர்?' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நான் நிரப்பவில்லை. தாங்கள் என்ன எழுதினாலும் எனக்குச் சம்மதம். கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். தாங்கள் வர வேண்டியதில்லை. நானும் வந்து சிரமம் கொடுக்க மாட்டேன்.

வீட்டில் அம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் பெண்ணுக்கு என் ஆசீர்வாதம், இந்தக் கையிலிருந்து அவள் இன்னும் வாங்கிக்கொள்வாள் என்றால்.

இப்படிக்கு,
படிவத்தின்படி தங்களுக்கு எந்த உறவும் இல்லாத,
(கையொப்பம். பழைய மாதிரி வரவில்லை)

பின்குறிப்பு: அண்ணா, இதை எழுதுவது நான், அவர் மனைவி. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். உள்ளே இருக்கிற படிவத்தை யாரும் கேட்கவில்லை. அன்றைக்கே அந்த ஆபீஸ் மேலதிகாரி வந்து, எழுபது தாண்டியவர்களுக்குச் சாட்சி வேண்டாம் என்று சொல்லி, கைரேகையை எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். அட்டை வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷனும் முடிந்து, வாசலில் போகிறவர்களை எல்லாம் யார் யார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் சாட்சி வேண்டாம் என்று சொன்ன பிறகும் டைரியை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தது நிஜம். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். 'ஆளை நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கில்லை' என்று கறாராக இரண்டு வரி எழுதிப் போடுங்கள். திட்டிக்கொண்டே கிளம்பி வருவார்.