தேத்தண்ணி கொஞ்சம் சிந்தவேண்டும்

நம் திருகோணமலை நகரில் மான்களுக்கு அடுத்தபடியாகப் பெருகிவரும் இனம் ஒன்று உண்டு. உருக்கக் காணொளிக்காரர். மான் குப்பையைக் கிளறும். இவர் கண் தெரியாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவார். கையில் ஒரு போன், அதை நிறுத்திவைக்க ஒரு முக்காலி, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் புல்லாங்குழல் இசை. வந்ததும் குரலை உயர்த்துவார். கண் தெரியாதவருக்குக் காதும் கேளாது என்பது இவருடைய அசைக்கமுடியாத நம்பிக்கை.

மாதிரிக்குத் தனஞ்சயனை எடுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் இவர் இராசமலர் ரீச்சரைத் தேடி வந்தார். பிறவியிலேயே கண் தெரியாத ரீச்சர், துறைமுகப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் பல வருடமாக வரலாறு படிப்பிக்கிறார். அடுத்த வருடம் உயர்தர வகுப்பை அவரிடம் கொடுப்பதா வேண்டாமா என்று பள்ளிக்கூட அதிபர் இழுத்துக்கொண்டிருந்த நேரம். தான் படிப்பிப்பதை எல்லோரும் ஒருமுறை பார்த்தால் போதும் என்றுதான் ரீச்சர் சம்மதித்தார்.

"வகுப்பைக் கட்டாயம் போடுவீங்கள்தானே, தம்பி?"

"ஓம் ரீச்சர், அதுதானே முக்கியம்!"

வகுப்பைப் படம் பிடித்தார். பிள்ளைகள் குறுக்குக் கேள்வி கேட்க, ரீச்சர் மடக்க, வகுப்பே சிரித்தது. தனஞ்சயனின் முகம்தான் வாடிவிட்டது. சிரிப்பை வைத்து யாரை அழவைப்பது? பிறகு ரீச்சர் வீட்டில் தேத்தண்ணி வந்தது.

"இது ஆர் போட்டது?"

"நான்தான். சீனி காணுமோ?"

"நீங்களோ! இன்னொருக்கா ஊத்துங்கோ ரீச்சர். கொஞ்சம் சிந்தினா நல்லம்."

"நான் ஏன் சிந்தவேணும்?"

"சனத்துக்கு மனசில தைக்கவேணும்."

ரீச்சர் சிந்தவில்லை. முக்காலியை இழுத்த தனஞ்சயனின் முழங்கை பட்டுக் கோப்பை கவிழ்ந்தது. போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எவ்வளவு அதிர்ஷ்டம்!

படம் வந்தது. கடற்கரையில் ரீச்சர் தனியாக நடக்கிறார். முகத்தில் தனஞ்சயன் மோட்டார் சைக்கிளுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி. கவிழ்ந்த கோப்பை. புல்லாங்குழல். வகுப்பா? ஒரு நொடி வந்தது, அதுவும் சத்தமில்லாமல்.

அதிபர் திரும்பத் திரும்பப் பார்த்து அழுதாராம். ரீச்சரைக் கூப்பிட்டார்.

"இவ்வளவு கஷ்டமெண்டு எனக்குத் தெரியாமப் போச்சு, ரீச்சர். உயர்தர வகுப்பையும் உங்கட தலையில கட்ட ஏலாது."

வகுப்பு வேறொருவருக்குப் போனது. ரீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்த விழாவுக்கே நான் போகவில்லை.

தனஞ்சயனைத் திட்டிவிட்டு எழும்பப் பார்க்கிறீர்களா? கொஞ்சம் இருங்கள். அந்தப் படத்துக்குக் கீழே ரீச்சர் தன் போனில் ஒரு வரி எழுதியிருந்தார்: "கோப்பையைத் தட்டினது தம்பியின்ர முழங்கை. என்ர வகுப்பு எங்கே?"

அதற்கு அடுத்ததாகக் கைகூப்பும் படத்தோடு ஒரு பதில் இருக்கிறது. யார் போட்டது என்று உங்கள் போனை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்:

"ஐயோ பாவம்! கண் தெரியாம இவ்வளவையும் எப்பிடி எழுதினீங்கள்?"